பின்கதவால் போக வேண்டிய ஏழு கடைகள்

நாகேந்திரம் மாமா காலமான செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. கோப்பாய்ச் சந்திக்கு அருகே நான் வேலை செய்யும் போட்டோக்கொப்பிக் கடையில் கல்யாணக் காட், பிறந்தநாள் பனர், மரண அறிவித்தல் எல்லாவற்றையும் ஒரே கொம்பியூட்டரில்தான் செய்கிறோம். அந்தப் புதன்கிழமை காலை, கடை முதலாளி சீலன் அண்ணை ஒரு படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“பிள்ளை, எல்லாத்தையும் விட்டிட்டு இதைச் செய். மரண அறிவித்தல். மத்தியானத்துக்கு முதல் ஒட்டோணுமாம். மேசையை வெட்டிப்போட்டு ஆளை மட்டும் எடுக்கட்டாம்.”

படத்தில் வெள்ளைத் துணி விரித்த சாப்பாட்டு மேசை ஒன்று இருந்தது. அதன் முன்னால் கறுப்புக் கோட் போட்டபடி மாமா இருந்தார். அதற்கு முதல்நாள் மாலை நாலரை மணிக்கு அவர் என் மேசைக்கு முன்னால் நின்றவர். நான் ஒரு கல்யாணக் காட்டில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயரை மூன்றாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே, “இண்டைக்கு ஏலாது மாமா, நாளைக்கு வாங்கோ” என்று சொல்லிவிட்டேன். அந்த நாளை இதுதான். காலையில் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தவர் கதிரையில் இருந்திருக்கிறார். பிறகு எழும்பவில்லை.

நான் மேசையை வெட்டினேன். மேசைமேல் கிடந்த அவருடைய வலது கையும் அதோடு போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதே கொம்பியூட்டரில் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்த பதினான்கு பக்கங்கள் இருந்தன. இத்தாலியின் சிசிலித் தீவில் தேடிப்போய்ச் சாப்பிட வேண்டிய ஏழு பழைய கடைகளைப் பற்றிய புத்தகம் அது. அதில் ஐந்தாம் கடை இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து என்ற எண் மட்டும் இருக்கிறது. கடையைச் சொல்லாமலே போய்விட்டார்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு மாமாவை என்னைவிட நெடுங்காலம் தெரியும். எனக்கு அவரை ஏழு மாதம் தெரியும். அதிலும் செவ்வாய்க்கிழமைகள் மட்டும்தான். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழும்பி நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. மற்றப் பிள்ளைகள் காத்திருப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். ஒருநாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. கடையிலும் என் மேசை உள்ளே, கடதாசி அடுக்கிய அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது. வருகிறவர்களோடு சீலன் அண்ணை கதைப்பார். நான் அடிப்பேன். மாமா மட்டும் அலுமாரியைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிடுவார். உள்பக்கம் போவதற்கு அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை.

முதல்நாள் வந்தபோது கையில் எண்ணெய் ஊறிய கடதாசிப் பை ஒன்று இருந்தது. உரும்பிராயில் இருந்து சைக்கிளில் வரும் வழியில் வாங்கிய கடலை வடை. இரண்டை எடுத்து என் கீபோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“முதல் சாப்பாடு. பேந்துதான் வேலை.”

“வேண்டாம்” என்றேன்.

“வேண்டாமெண்டா நானும் தொடங்கமாட்டன். நாலரை மணி எண்டா நாலரை மணிதான்.”

நான் சாப்பிட்டேன். எண்ணெய் பட்டு, கீபோட்டில் ‘ப’ எழுத்து அதற்குப் பிறகு ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் நாலரை மணிக்கு இதே கூத்துத்தான்.

புத்தகம் ஏன் என்று கேட்டபோது அவர் சொன்ன காரணம் எனக்கு விளங்கியது. அவர் இருபத்து மூன்று ஆண்டுகள் சிசிலியில் சாப்பாட்டுக் கடைகளின் குசினிகளில் வேலை செய்தவர். இப்போது எங்கள் சனம் லண்டனில் இருந்தும் பாரிசில் இருந்தும் அங்கே விடுமுறைக்குப் போகிறார்கள். கடற்கரையில் படம் எடுத்துவிட்டு, கண்ணில் பட்ட கடையில் எதையாவது தின்றுவிட்டு, அங்கே பாணும் பீட்சாவும் தவிர ஒன்றும் இல்லை என்று ஊருக்கு வந்து சொல்கிறார்கள்.

“கேக்கக் கேக்க எனக்கு வயித்தைப் பத்தும் பிள்ளை. தமிழிலை ஒரு சின்னப் புத்தகம் இருந்தாக் காணும். கையிலை வைச்சுக்கொண்டு போகட்டும்.”

நல்ல காரணம்தான். ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவராலும் எங்கேயும் போக முடியாது என்பது முதல் கடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“கடையின்ரை பேரைச் சொல்லுங்கோ மாமா.”

“பச்சைக் கதவு.”

“அது பேரோ?”

“இல்லைப் பிள்ளை, கதவு பச்சை.”

“எந்த ரோட்டு?”

“ரோட்டில்லை, ஒழுங்கை. பலெர்மோவிலை பழைய சந்தை இருக்கு. அதுக்குப் பின்னாலை. மீன் பெட்டி அடுக்கியிருக்கும், ரெண்டு குப்பை வாளி நிக்கும். ஒரு மஞ்சள் பூனை கிடக்கும்.”

“பூனை இப்பவும் கிடக்குமோ?”

“அதின்ரை பேரப்பிள்ளை கிடக்கும்.”

நான் பூனையையும் அடித்தேன். கடலை மாவைத் தண்ணீரில் களிபோலக் கிண்டி, ஆறவிட்டு, மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தரும் கடை அது. ஒவ்வொரு நாளும் முதலில் பொரிப்பது குசினியில் கோப்பை கழுவுகிறவர்களுக்கு. அதற்குப் பிறகுதான் வாசல் திறப்பார்களாம். அதனால்தான் அது முதலாம் கடை. கடைகளை எப்படித் தெரிந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். “கழுவுறவன் என்ன சாப்பிடுறான் எண்டு பார்க்கோணும். மிச்சமெல்லாம் விளம்பரம்” என்றார். இதை முகவுரையில் போடச் சொன்னார். போட்டிருக்கிறேன்.

இரண்டாம் கடை தீவின் மேற்குக் கரையில், திராப்பனி என்ற ஊரில். அங்கே பெண்கள் அகன்ற மண்சட்டியில் கோதுமை ரவையைப் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து விரலால் உருட்டுகிறார்கள். அடியில் துளையுள்ள பானையில் இட்டு, ஆவி வெளியே போகாதபடி இரண்டு பானைகளின் பொருத்தையும் மாவால் அடைத்து அவிக்கிறார்கள். பிறகு மீன் சாறை ஊற்றி மூடிவைக்கிறார்கள். நான் ‘குஸ்குஸ்’ என்று அடித்தேன். மாமா திரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“அழிச்சுப்போட்டுப் புட்டெண்டு போடு.”

“புட்டெண்டு போட்டா அங்கை போய்ப் புட்டுத் தாங்கோ எண்டு கேப்பினம்.”

“கேக்கட்டும்.”

“அவை குடுக்கமாட்டினம் மாமா.”

“அப்ப விரலாலை காட்டட்டும். நான் ரெண்டு வருசம் விரலாலைதான் கதைச்சனான்.”

கடைசியில் ‘திராப்பனிப் புட்டு’ என்று போட்டு, அவர்கள் குஸ்குஸ் என்று சொல்வார்கள் என்பதை அடைப்புக்குறிக்குள் வைத்தேன். அந்த அடைப்புக்குறிக்காக இரண்டு செவ்வாய்க்கிழமைகள் முறைப்பாடு சொன்னார். அவிக்கத் தெரியாதவள் வைத்த அடைப்பு என்றார்.

மூன்றாம் கடையை அவர் சொன்ன நாளில் மட்டும் நான் அவரோடு வாதாடவில்லை. மாமாவுக்கு வெள்ளிக்கிழமை சைவம். அந்த ஊர்ச் சனமும் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார்கள், ஆனால் மீன் சாப்பிடுவார்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளி, கடை திறக்குமுன் குசினிக்காரர் சேர்ந்து சாப்பிடும் நாலரை மணிச் சாப்பாட்டுக்குச் சமையல்காரக் கிழவர் பெரிய மீன் துண்டாகப் பார்த்து மாமாவின் கோப்பையில் போட்டிருக்கிறார். மாமா கையால் வேண்டாம் என்று காட்டியிருக்கிறார். வயிற்றுக்குச் சரியில்லையாக்கும் என்று நினைத்துக் கிழவர் தேசிக்காயும் உப்பும் கரைத்துக் கொடுத்தாராம். அடுத்த வெள்ளியும் தேசிக்காய்த் தண்ணிதான். மூன்றாம் வெள்ளி, கிழவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. பாண் தூளை ஒலிவ் எண்ணெயிலும் உள்ளிப் பூண்டிலும் சிவக்க வறுத்து, அவர்கள் பாஸ்தா என்று சொல்லும் அவித்த மாக்குழல்மேல் தூவி, வழக்கமாகப் போடும் உப்பு மீனைப் போடாமல் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு பதினொரு ஆண்டுகள், வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு சின்னத் தாச்சி. அதில் மீன் பட்டுவிடக்கூடாது என்று கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தாராம்.

“அந்தாளின்ரை பேரைக் கொட்டை எழுத்திலை போடு பிள்ளை.”

“பேரென்ன?”

“கிழவன்.”

“பேரைக் கேட்டனான்.”

“எல்லாரும் கிழவன் எண்டுதான் கூப்பிடுறவை. அந்தாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை.”

கொட்டை எழுத்தில் ‘கிழவன்’ என்று போட்டேன்.

நாலாம் கடைக்கு மூன்று வாரம் எடுத்தது. அங்கே கோடையில் நீளமான ஒரு சுரைக்காய் காய்க்கும், புடோலங்காயைப்போலத் தொங்கும். அதன் காயைவிடக் கொழுந்துக்குத்தான் மதிப்பு. கொழுந்தையும் இளம் இலையையும் கொடிச் சுருளையும் நறுக்கி, உள்ளியும் தக்காளியும் போட்டு அவித்து, மெல்லிய மாக்குழலைக் கையால் முறித்து அதற்குள் போட்டு, நிறையச் சாறோடு சாப்பிடுவார்கள். ஆவணி வெயிலிலும் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுவார்களாம். அந்தக் கடையில் அது மேசைக்கு வராது. குசினிக்காரருக்கு மட்டும் வைப்பது. கேட்டால் தருவார்கள், ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது மாமா கண்ணை மூடிக்கொள்வார். நான் இரண்டு வரி அடித்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருப்பேன். அவர் அங்கே போயிருப்பார். அடுத்த வாரம் வந்து அதே இரண்டு வரியைத் திரும்பச் சொல்வார்.

ஐந்தாம் கடை என்றதும், “அது கொஞ்சம் யோசிச்சுச் சொல்லோணும், நம்பரை மட்டும் போட்டு இடத்தை விடு” என்றார். ஆறாம் கடைக்குப் போனோம். அது துறைமுகத்துக் கடை. சிவப்பு இறாலுக்குப் பெயர்போனது. வருகிறவர்கள் கோப்பையில் மிச்சம் விட்டதைத்தான் அங்கே வேலைகாரருக்குக் கொடுப்பார்களாம். “இதுக்குப் போகவேண்டாம் எண்டு போடு” என்றார்.

“போக வேண்டாத கடை ஏன் மாமா லிஸ்ரிலை?”

“போகச் சொல்லுறதுக்கு ஆறு பக்கம் இருக்குத்தானே. போகாதேங்கோ எண்டு சொல்ல ஒரு பக்கம் இருக்கக்கூடாதோ?”

ஏழாவது, மலைமேல் ஒரு ஊரில் காலைச் சாப்பாடாகப் பாதாம் ஐசும் மெத்தென்ற பாணும் தரும் கடை. நிலம் கழுவி முடித்துவிட்டுப் படியில் இருந்து சாப்பிடுவாராம். அந்தப் பக்கத்தை நான் ஒரே நாளில் அடித்து முடித்தேன். பிறகு திரும்ப ஐந்துக்கு வந்தோம். “யோசிச்சுக்கொண்டிருக்கிறன்” என்றார். அடுத்த வாரமும் அதே பதில். எனக்கு எரிச்சல் வந்தது. முடிக்காத வேலை கொம்பியூட்டரில் கிடந்தால் எனக்குக் கண்ணில் தூசி விழுந்ததுபோல இருக்கும்.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். அவரிடம் கேட்காமல் செய்தேன். போனில் அந்த ஊர்களின் வரைபடத்தைத் திறந்து, சந்தைக்குப் பின்னால், துறைமுகத்துக்குப் பக்கத்தில் என்று அவர் சொன்ன அடையாளங்களை வைத்துத் தேடி, இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றிய கடைகளின் முன்வாசல் படங்களை எடுத்தேன். பெயர், தெரு, திறக்கும் நேரம் எல்லாவற்றையும் போட்டேன். பூனையையும் குப்பை வாளியையும் எடுத்துவிட்டேன். கலரில் அடித்து, கரை ஒட்டி, செவ்வாய்க்கிழமை மேசையில் வைத்திருந்தேன். அப்படி வடிவான வேலை நான் அதற்கு முன் செய்ததில்லை.

மாமா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

“வடிவா இருக்குப் பிள்ளை. ஆனா இது என்ரை கடையள் இல்லை.”

“பிழையான கடையோ?”

“சரியான கடையாயும் இருக்கலாம். எனக்கெப்பிடித் தெரியும்? இந்தக் கதவாலை நான் ஒருநாளும் போகேல்லையே.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லாக் கடைக்கும் அவர் சொன்ன வழி குசினிக் கதவுக்குப் போகும் வழி. முன்பக்கம் எப்படி இருக்கும், என்ன பெயர்ப்பலகை, எத்தனை மேசை என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கடைகளில் ஒன்றில்கூட அவர் மேசையில் இருந்து சாப்பிட்டதில்லை.

“அப்ப உங்கடை வீட்டிலை மாட்டியிருக்கெண்டு சொன்ன படம்?” வெள்ளைத் துணி விரித்த மேசையில் தான் இருக்கும் படத்தைப் பற்றி அவர்தான் முன்பு சொல்லியிருந்தார்.

“அது திங்கக்கிழமை. கடை பூட்டு. மாமிக்கு அனுப்பக் கிழவன்தான் எடுத்துத் தந்தது. கோட்டும் அந்தாளின்ரைதான்.” சிரித்தார். “எடுத்து முடிய நான்தான் அந்தத் துணியையும் தோய்ச்சது.”

நான் சிரிக்கவில்லை. மூன்று நாள் வேலை வீணாகப் போன கோபத்தில் இருந்தேன். என் வாழ்க்கையில் ஒருவரோடும் கதைக்காத நீளத்துக்குக் கதைத்தேன். “அப்ப ஆர் மாமா உங்கடை புத்தகத்தைக் கொண்டுபோறது? லண்டனிலை இருந்து குடும்பமா வாறவை குப்பை வாளியைத் தேடி ஒழுங்கைக்குள்ளை போவினமோ? பின்கதவைத் தட்டினா ஆர் திறக்கிறது?”

அவர் வடைப் பையைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். “தட்டிப் பாக்கட்டும். திறக்கிறவனும் எங்கடை ஆளாத்தான் இருப்பான்.” பிறகு, “அடுத்த செவ்வாய் ஐஞ்சாவதைச் சொல்லிவிடுறன். நீ கோவியாதை” என்றார்.

அந்தச் செவ்வாய்க்குத்தான் நான் தலை நிமிராமல், நாளைக்கு வாங்கோ என்றேன். அவர் வடை இரண்டை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அதிகாரமாக, இப்பவே அடி என்று சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அடித்துக் கொடுப்பேன். அவர் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறது.

எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவு முடிந்து இரண்டு நாளில், முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க மாமாவின் தம்பி குகன் வந்தார். கொழும்பில் இருப்பவர். அண்ணனுக்காக ஓடித்திரிந்து முகம் வாடியிருந்தது. தேவாரம், திருவாசகம், குடும்ப விபரம், வாழ்க்கைக் குறிப்பு எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக் கொண்டுவந்திருந்தார். வாழ்க்கைக் குறிப்பில், ‘இத்தாலி நாட்டின் புகழ்பூத்த உணவகங்களில் உயர் பொறுப்புகளை வகித்தவர்’ என்று இருந்தது. நான் அடித்தேன். அலுமாரிக்குப் பின்னால் இருந்து எழும்பிப்போய், அப்படியில்லை என்று சொல்ல எனக்குக் குரல் வராது. புகழ்பூத்த என்பதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அதன் ‘ப’ எழுத்தும் இரண்டு தடவை அடித்த பிறகுதான் விழுந்தது.

அன்று மாலை பதினான்கு பக்கங்களையும் அச்செடுத்துக்கொண்டு உரும்பிராய்க்குப் போனேன். முன்பக்கம் கதிரைகள் போட்டு ஆட்கள் இருந்தார்கள். நான் வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். மாமி வாசல்படியில் இருந்து சுளகில் பயறு பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னார் என்று சொல்லிப் பக்கங்களை நீட்டினேன்.

“கண்ணாடியை எங்கை வைச்சனோ தெரியேல்லை” என்றார் மாமி. “நீ வாசி.”

நான் நின்றேன். முதல் வரியைப் பார்த்தேன். குரல் வரவில்லை. மாமி என்னைப் பார்க்காமல் பயற்றில் கல்லைத் தேடினார்.

“அடுப்பிலை ஒண்டுமில்லைப் பிள்ளை. ஆறுதலா வாசி.”

வாசித்தேன். பச்சைக் கதவையும் பூனையையும் வாசித்தேன். வடிவான பிரதியை நான் கொண்டுபோகவில்லை, அவர் சொன்னபடி அடித்ததைத்தான் கொண்டுபோனேன். கடலை மாவுக்கு மாமி, “அதுதான் வந்த நேரம் தொட்டு வாய்வு வாய்வெண்டு கிடந்தது” என்றார். திராப்பனிப் புட்டுக்கு, “என்ரை புட்டுக் காஞ்சு போச்செண்டு சொல்லுற மனிசன், அங்கை ஆரோ உருட்டின புட்டுக்குச் சாட்சி சொல்லுதோ” என்றார். வெள்ளிக்கிழமைத் தாச்சி வந்தபோது சுளகு நின்றது.

“அதைத் திருப்பி வாசி.”

திருப்பி வாசித்தேன்.

“கிழவன் இப்ப இருக்கிறாரோ?”

“தெரியாது மாமி. பேரும் தெரியாது.”

நாலாம் கடையின் சுரைக்கொழுந்தை வாசித்தபோது மாமிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “இஞ்சை சுரைக்காய் வைச்சா மூஞ்சையைத் திருப்புவார். நான் காயை வைச்சுக்கொண்டிருந்தன், அவர் இலையை நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறார். வாயைத் திறந்து சொன்னாலென்ன?”

மாமிக்கும் அதே ஆளில்தான் கோபம். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகு மாமி சொன்னார்: “எட்டுக்கு வடையும் எள்ளுருண்டையும் படைச்சனான். கலியாணம் கட்டின புதுசிலை அவருக்குப் பிடிச்சது அது. அதுக்குப் பிறகு என்ன பிடிச்சதெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. ஒவ்வொரு நாளும் போனிலை சாப்பிட்டீங்களோ எண்டு கேப்பன். ஓம் எண்டுவார். என்ன சாப்பிட்டீங்களெண்டு நான் கேக்கேல்லை. கேக்கிறதுக்கிடையிலை போன் காட் முடிஞ்சுபோம்.”

இதற்கிடையில் குகன் குசினிக்குள் தண்ணீர் எடுக்க வந்தவர், பக்கங்களை வாங்கி நின்றபடியே வாசித்தார். அவர் பிழையான மனிதர் இல்லை. அண்ணனை நாலு பேர் மதிக்க வேண்டும் என்றுதான் அவருக்கும்.

“மச்சாள், இதைச் சனத்துக்குக் குடுக்கவோ? கோப்பை கழுவினவர் எண்டு ஊருக்கெல்லாம் நாங்களே அடிச்சுக் குடுக்கிறதோ?”

“முப்பத்தொண்டுக்குப் படையலிலை என்ன வைக்கிறது குகன்?” என்று கேட்டார் மாமி.

“அவருக்குப் பிடிச்சதை.”

“என்ன பிடிச்சது?”

குகன் கையிலிருந்த பக்கங்களைப் பார்த்தார்.

“உம்மடை உயர் பொறுப்புக்காரன் என்ன சாப்பிட்டவர் எண்டு உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உந்தப் பிள்ளையின்ரை கடதாசியிலைதான் கிடக்கு. அதைப் போடும்.”

அதனால்தான் இந்த மலர் இப்படி இருக்கிறது. வாழ்க்கைக் குறிப்பில் குகன் எழுதிய வரி அவர் எழுதியபடியே இருக்கிறது. மாமாவின் ஏழு கடைகள் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன. முன்னுக்கிருந்து தேவாரத்தோடு தொடங்குகிறவர்கள் தொடங்கலாம். மாமாவைத் தேடுகிறவர்கள் பின்னுக்கிருந்து திறவுங்கள். முன்வாசல் படங்களை நான் அழித்துவிட்டேன். பூனையும் குப்பை வாளியும் திரும்பி வந்திருக்கின்றன. ஐந்தாம் கடையின் பக்கம் வெறுமையாக இருப்பது அச்சுப்பிழை இல்லை. அந்த இடத்தை நிரப்பச் சொல்லி மூன்று பேர் கேட்டார்கள், ஒருவர் படம் ஒன்றைப் போடச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். வாய் திறந்துதான் சொன்னேன். ஐந்தாவது எது என்று உங்களில் யாருக்காவது அவர் சொல்லியிருந்தால், கடைக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். முன்னுக்கு நிற்காமல் அலுமாரியைச் சுற்றிக்கொண்டு வாருங்கள்.

படையலில் ஒரு கறி உங்களுக்கு விளங்காமல் இருந்திருக்கும். பச்சைச் சாற்றுக்குள் முறித்த மாக்குழல் கிடந்திருக்கும், அதுதான் நாலாம் கடை. சுரைக்கொடி எங்கள் வீட்டு வேலியில் நிற்கிறது. முப்பத்தோராம் நாள் விடியக் கொழுந்து கிள்ளிக்கொண்டு வருவதாக மாமியிடம் சொல்லியிருக்கிறேன். உப்புக் கூடினால் அது மாமி வைத்ததாலோ நான் கிள்ளியதாலோ இல்லை. உப்பு எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது நாலரை மணி. செவ்வாயானால் இரண்டு வடை வாங்கி, கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுச் சாப்பிடுகிறேன். மேசைக்கு முன்னால் யாராவது நின்றால் ஒன்றை அவருக்குக் கொடுக்கிறேன். இப்போது தலை நிமிர்ந்துதான் கொடுக்கிறேன்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பீர்கள். போகுமுன் ஒருதடவை வீட்டைச் சுற்றிக்கொண்டு குசினிப் பக்கம் வாருங்கள். விடிந்ததில் இருந்து அங்கே நிற்பவர் மாமி. சாப்பிட்டீங்களோ என்று கேளுங்கள். ஓம் என்றுதான் சொல்வார். அதோடு போய்விடாமல், என்ன சாப்பிட்டீங்கள் என்றும் கேளுங்கள்.